சுருட்டை முடி ஒரு நோய் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் நடை பழகுகிற குழந்தை இருப்பவர்களாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி பள்ளிச் சேர்க்கை பற்றி, மீதி பிள்ளை வளர்ப்பு பற்றி. கொஞ்ச நாளாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "டீச்சர், பாப்பாவுக்கு முடி சுருட்டையா, பம்முன்னு நிக்குது. சீப்பே இறங்க மாட்டேங்குது. என்ன போட்டா நேராகும்?" உறவில் ஒரு பெண் தன் இரண்டரை வயதுக் குழந்தைக்கு முடியை நேராக்க எவ்வளவு ஆகும் என்று பார்லரில் விலையே விசாரித்துவிட்டு வந்திருந்தாள். நல்லவேளையாக அங்கிருந்த பெண்மணி, "இவ்வளவு சின்னக் குழந்தைக்கு நாங்க செய்ய மாட்டோம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மகராசியாக இருக்கட்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடி சுருட்டையாக இருப்பதால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் வருவதில்லை. அதை நேராக்கப் போய், அடக்கப் போய், அதிலுள்ள பேனை ஒழிக்கப் போய் பெரியவர்கள் செய்கிற காரியங்களால்தான் கெடுதல் வருகிறது. ஆகவே குறைவாகச் செய்யுங்கள். செய்வதைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

இனி காரணங்களைச் சொல்கிறேன். அறிவியல் டீச்சர் அல்லவா, பாடத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

முடி தோலுக்குள் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. அந்தக் குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்து சாய்ந்து இருந்தால் முடியும் வளைந்து வரும். அந்தக் குழியின் வடிவம் பெற்றோர் வழியாக வருவது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நேர்முடி, குழந்தைக்கு மட்டும் எப்படிச் சுருட்டை என்று யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம். தாத்தா பாட்டியின் பழைய கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நம் தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் சுலபமாக நுனிவரை வழிந்து இறங்கும். சுருளில் அப்படி இறங்க முடியாது, ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடும். போதாததற்குச் சிறு குழந்தைகளுக்கு இந்த எண்ணெய்ப்பசையே மிகக் குறைவு. பருவ வயதில்தான் அது கூடும். அதனால் சுருட்டை முடிக் குழந்தையின் தலையில் வேர்ப்பக்கம் சரியாக இருக்கும், நுனி காய்ந்து கிடக்கும். காய்ந்த முடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உப்பும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நாம் "பம்முன்னு நிக்குது" என்று சொல்வது இதைத்தான். அதற்கு வேண்டியது ஈரப்பதமும் வழவழப்பும். தினமும் ஷாம்பு போட்டுத் தேய்த்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பசையும் போய்விடும்.

இப்போது மொட்டை விஷயத்துக்கு வருகிறேன். உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குலதெய்வத்துக்கு முடியிறக்குவது நம் நம்பிக்கை. தீர்த்தமலையிலோ, ஊர்க் கோயிலிலோ, பழனியிலோ தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டுக் காது குத்துவது குடும்பத்துக்கே மகிழ்ச்சியான நாள். அதை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது, "நாலு மொட்டை போட்டா சுருட்டை போயி நேரா, அடர்த்தியா வந்துடும்" என்ற பேச்சை. வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதை வெட்டுவது தோலுக்குள் இருக்கும் குழிக்குத் தெரியவே தெரியாது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928லேயே இதைச் சோதித்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய முடியின் முனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடிமனாகப் படுகிறது, அவ்வளவுதான். பிறந்தபோது இருந்த பூமுடி உதிர்ந்து வேறு முடி முளைப்பது இரண்டு மூன்று வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தானாக நடக்கும். மொட்டை போட்ட நேரமும் அதுவும் ஒன்றாக இருப்பதால் பெயரை மொட்டை வாங்கிக்கொள்கிறது!

மொட்டை போடும்போது இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். 2021 முதல் அறநிலையத்துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அதில் மிச்சமாகும் காசில் ஒரு புது பிளேடு பாக்கெட் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். உறையைப் பிரிப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். இன்னொரு தலையில் பட்ட பிளேடு ஒரு கீறல் போட்டால் போதும், ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமி உட்பட பலவும் வரலாம். அடுத்தது உச்சிக்குழி. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மூட ஒன்றரை வயதாகும். அதுவரை அந்த இடத்தில் பிளேடு அழுந்தக் கூடாது. குழந்தை திமிறி அழுதால் நிறுத்திவிட்டுச் சமாதானம் செய்து பிறகு தொடரச் சொல்லுங்கள். சாமி காத்திருக்கும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர்!

தருமபுரியில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே நம் நீரிலுள்ள ஃப்ளூரைடு தொல்லையால்தான். குடிக்கக் காவிரித் தண்ணீர் வந்தாலும் குளிக்க இன்றும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது, வெள்ளைத் திரிபோல் ஒரு கசடு வரும். பக்கெட்டின் ஓரத்தில் படிகிறதே, அதேதான். அந்தக் கசடு முடியில் படிந்தால் நேர்முடியே சொரசொரப்பாகும். சுருட்டை முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். பிறகு, "ஐயோ, என் பிள்ளை முடி இப்படி" என்று முடியைத் திட்டுகிறோம். தப்பு தண்ணீரில் இருக்கிறது. உடம்புக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போடுவதில் இருக்கிறது.

இதற்கு வழி வகுப்பில் படித்ததுதான். நீரின் கடினத்தன்மை தற்காலிகம், நிரந்தரம் என இரண்டு வகை. தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்க வைத்தால் போய்விடும். பரீட்சையில் 2 மார்க் கேள்வியாகத்தானே இதைப் பார்த்தீர்கள், இப்போது உபயோகப்படுத்துங்கள். முந்தின நாளே ஒரு பாத்திரம் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, கடைசியாகத் தலை அலச வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரோ காவிரித் தண்ணீரோ 2 சொம்பு ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. இது தலைக்கு ஊற்ற மட்டும். கொதிக்க வைப்பதால் ஃப்ளூரைடு போகாது, ஆகவே போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கக் கொடுக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, முறையைச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

வாரத்துக்கு 1 அல்லது 2 முறை தலைக்கு ஊற்றினால் போதும். மண்ணில் புரண்ட நாளில் வெறும் தண்ணீரில் அலசிவிடலாம். ஷாம்பு என்றால் குழந்தைகளுக்கான, மணம் குறைந்த வகையில் ஒரு சின்னத் துளி. அதைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தடவுங்கள். வழியும் நுரையே முடியைச் சுத்தம் செய்துவிடும். உச்சியில் குவித்துவைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்கினால் சிக்கு விழாமல் என்ன செய்யும்?

சீயக்காயும் அரப்பும் நம் ஊர்ப் பொருள்கள், நானும் அவற்றில் வளர்ந்தவள். ஆனால் சுருட்டை முடிக் குழந்தைக்குத் தூளாகக் குழைத்துப் பூசாதீர்கள். சுருளுக்குள் புகுந்த தூள் நாலு சொம்பு ஊற்றினாலும் போகாது. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. அன்றைக்குப் பயந்த குழந்தை பிறகு குளியலறைப் பக்கமே வராது. கட்டாயம் போட வேண்டுமென்றால் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். பூந்திக்கொட்டை வேண்டவே வேண்டாம், கண்ணுக்கு அது மிகவும் கெடுதல்.

சிக்கு எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காய்ந்த சுருட்டை முடியில் சீப்பு வைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் கண்டிஷனரோ, உள்ளங்கையில் தேய்த்த சில சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தடவி, தலையை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் விரலால் பிரியுங்கள். பிறகு பல் அகலமான சீப்பு. நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது, குழந்தை அழாது. உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுப்பவர்கள் எல்லாச் சிக்கையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அப்புறம் கத்தரிக்கோல்தான்.

துவட்ட டர்க்கி டவல் வேண்டாம். பழைய வேட்டித் துணி இருக்கிறதே, அதைவிடச் சிறந்தது கிடையாது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு முடியை அதன் போக்கில் காயவிடுங்கள். காய்ந்தபின் மறுபடி சீவ வேண்டியதில்லை. சுருள் அழகாகத் தானே உட்காரும்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மும்பையில் இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவர்கள் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நம் பாட்டிமார் அனுபவமும் அதையே சொல்கிறது. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன் லேசாகத் தடவினால் போதும், சட்டையில் வழிய வேண்டாம்.

விளக்கெண்ணெயில் மட்டும் கவனம். நம் பக்கம் ஆமணக்குக்குப் பஞ்சமில்லை. "விளக்கெண்ணெய் வச்சா சுருட்டை படியும்" என்று அள்ளிப் பூசுகிறார்கள். அது மிகவும் பிசுபிசுப்பானது. விளக்கெண்ணெய் சேர்த்த எண்ணெயைத் தேய்த்துக் குளித்த ஓர் இளம்பெண்ணின் நீளமான கூந்தல் ஒரே நாளில் பறவைக்கூடு மாதிரி இறுகிப்போய், பிரிக்க முடியாமல் வெட்ட வேண்டியதான கதையை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 2017இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அபூர்வம்தான். ஆனால் ஏற்கெனவே சிக்கு விழும் தலையில் ஏன் அந்தப் பரிசோதனை?

இனி, செய்யவே கூடாதவை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

1. எண்ணெய்க் குளியலன்று மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். சாதாரண மருந்துக்கு அது லேசில் அடங்காது.

2. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் குழந்தை தலையில் தேய்க்காதீர்கள். சளிக்கு, பேனுக்கு, பொடுகுக்கு என்று பல வீடுகளில் இது நடக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சிறு குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும். ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பூஜை அலமாரியில் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

3. பேனுக்குச் சீத்தா விதை வேண்டாம். நம் மலையோரங்களில் சீத்தாப்பழம் நிறைய. விதையை அரைத்துத் தலையில் பூசுவது பழைய வழக்கம். அந்த விழுது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். மண்ணெண்ணெய் அதைவிட மோசம். தீப்பிடிக்கும், மூச்சில் போனால் நுரையீரல் கெடும். பேனுக்குப் பாதுகாப்பான மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். சுருட்டை முடியில் கண்டிஷனர் தடவி, முதலில் அகலச் சீப்பால் சிக்கெடுத்து, பிறகு பேன் சீப்பால் ஈரத்தோடு வாரினால் பாதிப் பேன் அதிலேயே வந்துவிடும். சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

4. தலை காய்வதற்குச் சாம்பிராணிப் புகைமேல் குழந்தையைக் கவிழ்த்துப் பிடிக்காதீர்கள். சுருட்டை முடி காய நேரமாகும் என்பதால் இந்தக் குழந்தைகளுக்குத்தான் அதிகம் காட்டுகிறார்கள். புகை சின்ன நுரையீரலுக்கு ஆகாது. மூடிய அறையில் கரி நெருப்பு விஷவாயுவையும் கக்கும். தணல் தவறி விழுந்து சுட்டுக்கொண்ட கதைகள் உங்கள் ஊரிலும் இருக்கும். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றும் வேண்டாம்.

5. இறுக்கிக் கட்டாதீர்கள். "அடக்கமா இருக்கட்டும்" என்று முடியை வழித்து இழுத்து உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டால் நெற்றியோரத்தில் முடி குறைந்துகொண்டே போகும். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடும். கத்தரிப்பூ ரிப்பனும் இரட்டை ஜடையுமாக வரிசையில் நின்ற எத்தனையோ பெண் குழந்தைகளின் நெற்றியில் இதைப் பார்த்திருக்கிறேன். துணி சுற்றிய பேண்ட் தளர்வாகப் போதும். தூங்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.

6. தேர்த்திருவிழாக் கடைகளில் மினுக் மினுக் என்று விளக்கு எரியும் கிளிப் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். உள்ளே பட்டன் பேட்டரி இருக்கிறது. குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தாலே 108ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம். சின்னச் சின்ன மணி, பூ கிளிப்புகளும் வாய்க்குப் போகிற வயசு இது.

7. தண்ணீர் நிறைந்த பக்கெட்டுக்கோ தொட்டிக்கோ பக்கத்தில், சீப்பை எடுத்து வருகிறேன் என்று குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். அரையடித் தண்ணீர் போதும் ஆபத்துக்கு.

இப்போது அந்த பார்லர் விஷயம். ஸ்மூத்தனிங், கெரட்டின், ஸ்ட்ரெய்ட்டனிங் என்று பெயர்கள் மாறும், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். முடி எரிந்தால் ஒரு நாற்றம் வருமே, அது கந்தகம். முடிக்குள் இருக்கும் கெரட்டின் புரதத்தைக் கந்தகப் பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. நேராக்கும் மருந்துகளில் பல அந்தப் பிணைப்பை உடைத்துத்தான் வேலை செய்கின்றன. சில வகைகளில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். ஆய்வகத்தில் தொடாதீர்கள் என்று உங்களைத் திட்டினேனே, அதே காஸ்டிக் சோடா. வேறு சில, சூடு காட்டும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே வகைப்படுத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. முடியை நேராக்கும் மருந்துகளை ஆண்டுக்கு 4 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது, மருந்துதான் காரணம் என்று நிரூபித்துவிடவில்லை. அதுவும் பெரியவர்களைப் பற்றியது. பெரியவர்கள் யோசித்துத் தாங்களாக முடிவெடுத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தை தலையில் அதைப் பூச நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இவ்வளவு செய்தும் வேரிலிருந்து அடுத்து வரும் முடி சுருட்டையாகத்தான் வரும்.

இயல்பான சுருட்டைக்கு டாக்டர் வேண்டாம் என்றேன். டாக்டரிடம் போக வேண்டிய சில அறிகுறிகளையும் சொல்லிவிட வேண்டும்.

குழந்தையின் முடி நிறம் மங்கிச் செம்பட்டையாகி, மெலிந்து, தொட்டால் கையோடு வந்தால் அது முடிப் பிரச்சினை இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினையாக இருக்கலாம். 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் புரதம் குறைந்த உணவால் வாடும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். குவாஷியார்க்கர் என்று நான் கரும்பலகையில் எழுதி, நீங்கள் எழுத்துப் பிழையோடு எழுதிய அதே நோய்தான். அந்த நோயில் சுருட்டை முடி சுருள் இழந்து நேராகும். முடி நேராவதை நல்ல சகுனம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். அங்கன்வாடியில் எடை பார்க்கச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, நிலக்கடலையை நன்றாகப் பொடித்தோ அரைத்தோ, கேழ்வரகு என்று கொடுங்கள்.

ஆண் குழந்தைக்கு முடி நிறமற்று, கம்பிச் சுருள்போல் முறுக்கி உடைந்து, எடை ஏறாமல், வலிப்பும் வந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் செம்புச் சத்து சேராத மெங்கெஸ் நோய் அப்படி இருக்கும். 1962இல் கண்டறியப்பட்டது, மிக அரிது.

இன்னொன்று. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, கம்பளி மாதிரியான சுருட்டை முடி பிறவியிலேயே இருந்து, குழந்தை தவழ்ந்து நடக்கத் தொடங்கியபின் உள்ளங்கையும் பாதமும் தடித்து வெடித்தால், ஒரு முறை இதயப் பரிசோதனை செய்துவிடுங்கள். கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் இப்படிப்பட்ட குடும்பங்களை மருத்துவர்கள் கவனித்து 1986இல் எழுதினார்கள். முடியும் தோலும் முதலில் காட்டிக்கொடுக்கும், இதயத் தொல்லை வளர்ந்த பிறகு வரும். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒரே மரபுக்கூறு வந்தால் வரும் நோய் அது. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கையும் காலும் மிருதுவாக, ஓடி விளையாடுகிற சுருட்டை முடிக் குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 6ஆம் வகுப்பில் ஒரு பெண் தினமும் தலை சொட்டச் சொட்ட வருவாள். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். தும்மிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "தண்ணி வச்சாத்தான் டீச்சர் படியுது. இல்லன்னா பரட்டைன்னு கூப்பிடுவாங்க" என்றாள். பள்ளியில் யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டில், மூன்று வயதிலிருந்து, சொந்த அத்தையும் சித்தப்பாவும் செல்லமாக வைத்த பெயர் அது.

செல்லம்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. 1977இல் 16 வயதினிலே வந்தபின் பரட்டை என்பது ஊரெல்லாம் சிரிப்புக்குச் சொல்லும் பெயராகிவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பின் கணக்கை ஒரு குழந்தை எட்டு வருடமாகக் குளிர்ந்த தண்ணீரில் தீர்த்துக்கொண்டிருந்தாள். சுரிகுழல், அளகம் என்று சுருண்ட கூந்தலுக்கே அழகான பெயர்கள் வைத்த மொழி நம்முடையது. அந்த மொழியில் பிறந்துவிட்டு, குழந்தையைக் கூப்பிட நமக்கு இந்த ஒரு சொல்தானா கிடைத்தது?

இரண்டு வயதுக் குழந்தைக்குத் தன் முடி நேரா, சுருட்டையா என்று தெரியாது. கண்ணாடியைப் பார்த்தால் தன்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் தெரியும். அதில் ஒரு குறை இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். காதுகுத்து விசேஷத்தில் குழந்தையைத் தூக்கியதும், "என்னடி இது முடி, காடு மாதிரி?" என்று கேட்கும் அத்தைகளே, பெரியம்மாக்களே, என் வயதுப் பாட்டிகளே, உங்களைத்தான் சொல்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

அப்பாக்களுக்கும் ஒரு வேலை. சிக்கெடுப்பது அம்மாவின் வேலை மட்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணி நேரம், ஒரு அகலச் சீப்பு, ஒரு கதை. மடியில் உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டே நுனியிலிருந்து தொடங்குங்கள். பொறுமை இல்லாத ஆளுக்கு இது வராது. ஆனால் குழந்தை வளர்க்கிறவர்களுக்குப் பொறுமை எப்படியும் வேண்டுமே.

சந்தேகம் இருந்தால் எப்போதும்போல் மாலை 5 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். "என்ன போட்டா நேராகும்" என்ற கேள்வியைத் தவிர வேறு எதையும் கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்